வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குக் காரோடு: குக் நீரிணையைக் கடக்க ஒரு வழிகாட்டி

நியூசிலாந்தின் வடக்குத் தீவையும் தெற்குத் தீவையும் ஒரே பயணத்தில் காரில் சுற்ற நினைப்பவர்கள் நடுவில் குக் நீரிணையைக் கடந்தாக வேண்டும். பாலம் கிடையாது, சுரங்கப்பாதையும் கிடையாது. காரை ஏற்றிக்கொண்டு போகும் ஃபெரி கப்பல்தான் வழி. நீரிணையின் மிகக் குறுகலான இடம் 22 கிலோமீட்டர்தான். ஆனாலும் வெலிங்டனிலிருந்து பிக்டன் வரை கப்பல் ஓடும் தூரம் 92 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் பிடிக்கும். செக்-இன், வரிசையில் காத்திருப்பு, ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்த்து ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேறு பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

தெற்குத் தீவுக்குப் போகிற கப்பல் தெற்கே போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வெலிங்டன், பிக்டன் இரண்டுமே ஏறக்குறைய 41 டிகிரி 17 நிமிடத் தெற்கு அட்சரேகையில்தான் இருக்கின்றன. கப்பல் போவது மேற்கே. பிற்பகல் கப்பலில் முன்பக்கக் கண்ணாடியோரம் இடம் பிடித்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும் என்பதற்கு இதுதான் காரணம். வெயில் தாங்காத குழந்தைகள் இருந்தால் பக்கவாட்டு இருக்கை நல்லது.

முதலில் கப்பல், பிறகுதான் மற்றதெல்லாம்

விமானம், ஓட்டல், வாடகை கார் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் கப்பல் சீட்டைத் தேடுவது புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. பயணிகளுக்கு இடம் இருக்கும்; வண்டிக்கு இடம் இருக்காது. கப்பலில் முதலில் நிரம்புவது வண்டித் தளம்தான்.

இந்த வழித்தடத்தில் இரண்டு நிறுவனங்கள் ஓடுகின்றன. ஒன்று இன்டர்ஐலாண்டர், அரசுடைமையான கிவிரெயிலைச் சேர்ந்தது. மற்றொன்று ப்ளூபிரிட்ஜ். 2025 ஆகஸ்டில் அராடெரே கப்பல் ஓய்வு பெற்றபின் இன்டர்ஐலாண்டருக்குக் கைடாகி, கையாராஹி என்று இரண்டு கப்பல்கள், ப்ளூபிரிட்ஜுக்கும் இரண்டு. புதிய கப்பல்கள் 2029-ல்தான் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை நான்கே நான்கு கப்பல்கள். லாரிகள், உள்ளூர்க்காரர்கள், சுற்றுலா வண்டிகள் எல்லாம் இந்த நான்கில்தான் போயாக வேண்டும். ஒன்று பழுதானாலும் அடுத்தடுத்த நாள்களின் வண்டி இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, ஈஸ்டர், பள்ளி விடுமுறைகள் ஆகிய நாள்களில் போகிறீர்களானால் மூன்று நான்கு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி) என்றால் இன்னும் முன்னதாக. உயரமான வண்டிகளை நிறுத்தக்கூடிய தளம் கப்பலில் குறைவு. அந்த இடத்துக்கு லாரிகளும் போட்டி.

திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் கப்பலை வைக்கவே வைக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் கப்பல் ஓடாது. அது யார் தவறும் இல்லை. ஆனால் உங்கள் விமானம் உங்களுக்காக நிற்கப்போவதில்லை. நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். சீட்டிலும் மலிவான வகை, மாற்றிக்கொள்ளக்கூடிய வகை, பணம் திரும்பக் கிடைக்கும் வகை என்று உண்டு. குடும்பத்தோடு வருகிறவர்கள் நடுவில் உள்ளதை எடுப்பதே நல்லது. நேரத்தை மாற்ற நேர்ந்தால் மலிவுச் சீட்டில் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும்.

பதிவில் கேட்கும் விவரங்கள்

வண்டியின் நீளமும் உயரமும்தான் கட்டணத்தைத் தீர்மானிக்கும். சாதாரண கார் ஐந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். கேம்பர்வேனில் இருவர் படுக்கும் வண்டிக்கும் ஆறு பேர் படுக்கும் வண்டிக்கும் நீளம் வெகுவாக மாறும். பெரியவை ஏழு மீட்டரைத் தாண்டும். வாடகை நிறுவனத்தின் தளத்தில் உங்கள் வண்டி வகையின் அளவைப் பார்த்து எழுதுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கியும் நீளத்தில் சேரும், கூரை மேல் கட்டிய பெட்டியும் உயரத்தில் சேரும். துறைமுகத்தில் அளந்து பார்த்து அதிகமாக இருந்தால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அந்தத் தளத்தில் இடமே இல்லையென்றால் அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள்.

வண்டி எண் இன்னும் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், பிறகு சேர்க்கலாம். தொலைபேசி எண்ணை மட்டும் யோசித்துக் கொடுங்கள். கப்பல் தாமதம், ரத்து எல்லாம் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும்தான் வரும். சென்னை எண்ணையோ கொழும்பு எண்ணையோ கொடுத்துவிட்டு, நியூசிலாந்தில் வேறு சிம் போட்டுக்கொண்டால் செய்தி உங்களுக்கு எட்டாது. இங்கே வந்து சிம் வாங்கிய அன்றே பதிவுக்குள் போய் எண்ணை மாற்றிவிடுங்கள்.

எந்த நேரக் கப்பல்? பயணத்தின் கடைசி ஒரு மணி நேரம் மலைகளுக்கு நடுவே கால்வாய்போல் ஒடுங்கிய நீர்வழியில் போகும். அழகு முழுக்க அங்கேதான். அந்த ஒரு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் விழுவதுபோல் பாருங்கள். டிசம்பரில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். ஜூனில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டு மணிக் கப்பல் பிடித்தால் அந்தக் காட்சியில் பாதியை இருட்டில் தொலைத்துவிடுவீர்கள். காலைக் கப்பலுக்கு இன்னொரு நன்மை: அது ரத்தானால் அன்றைக்கே வேறு கப்பலில் இடம் கேட்க நேரம் மிச்சம் இருக்கும்.

வாடகை காரை ஏற்றலாமா?

எல்லா வாடகை நிறுவனங்களும் காரைக் கப்பலில் ஏற்ற விடுவதில்லை. ஒப்பந்தத்தில் "தீவு மாற்றம்" பற்றி என்ன எழுதியிருக்கிறது, கப்பலில் இருக்கும்போது காப்பீடு செல்லுமா என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பல நிறுவனங்கள் வேறொரு ஏற்பாடு செய்து தரும்: வெலிங்டனில் காரை ஒப்படைத்துவிட்டு, நடைப்பயணியாகக் கப்பலேறி, பிக்டனில் வேறு காரை எடுத்துக்கொள்வது. வண்டிக் கட்டணம் மிச்சம். இரண்டு பேர், ஆளுக்கொரு பெட்டி என்றால் இதுவே சிறந்தது. கைக்குழந்தை, குழந்தை இருக்கை, அரிசிப் பை, குக்கர் என்று வண்டி நிறையச் சாமான் ஏற்றி வரும் குடும்பத்துக்கு இது ஒத்துவராது. காரைக் காலி செய்து மறுபடி அடுக்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். கடைசிக் கப்பலில் போகிறவர்கள் பிக்டனில் அந்த வாடகை அலுவலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கட்டாயம் கேளுங்கள்.

முந்தின நாள்

ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் 640 கிலோமீட்டர். எட்டு ஒன்பது மணி நேர ஓட்டம். அதே நாளில் ஓட்டிவந்து கப்பலேற நினைக்காதீர்கள். முந்தின இரவு வெலிங்டனிலோ பக்கத்து ஊரான பொரிருவாவிலோ தங்கிவிடுங்கள். வடக்கிலிருந்து வருகிறவர்கள் 2022-ல் திறந்த டிரான்ஸ்மிஷன் கல்லி சாலை வழியாக வந்து நௌரங்கா பள்ளத்தாக்கில் இறங்குவார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது மணிவரை அந்த இறக்கத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். காலைக் கப்பலென்றால் அதற்கு அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மாலைக் கப்பலென்றால் அந்த இறக்கத்துக்கு மேலேயுள்ள நியூலண்ட்ஸ் பகுதியில் குறிஞ்சிக்குமரன் கோவில் இருக்கிறது, கும்பிட்டுவிட்டு இறங்கலாம்.

அன்றிரவு கடல்வானிலை பாருங்கள். நியூசிலாந்து வானிலை நிறுவனமான மெட்சர்வீஸ் "குக்" என்ற பெயரில் நீரிணைக்குத் தனி முன்னறிவிப்பு கொடுக்கிறது. அதில் காற்றின் வேகத்தைவிட அலையின் உயரத்தைக் கவனியுங்கள். இரண்டு தீவுகளின் மலைகளுக்கும் நடுவே உள்ள ஒரே பெரிய திறப்பு இதுதான் என்பதால் காற்று புனலில் ஊற்றியதுபோல் இதற்குள் பாயும். வடமேற்குக் காற்று இங்கே சாதாரணம். தெற்கிலிருந்து வரும் காற்றுதான் பொல்லாதது. அது திறந்த கடலில் நெடுந்தூரம் உருண்டு திரண்ட அலையோடு வரும். தெற்குக் காற்றும் மூன்று நான்கு மீட்டர் அலையும் என்று கண்டால் மாத்திரை தயாராக இருக்கட்டும்.

பெட்ரோல் டாங்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள். சரிவில் ஏறும்போது கசியும். தனிக் கேனில் பெட்ரோல் கொண்டுபோக வேண்டாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் வெலிங்டனிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். கப்பலில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள்.

இன்னொன்றைச் சிறியதாக நினைத்துவிடாதீர்கள். தெற்குத் தீவின் ஆறுகளில் 2004-ல் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஈரக் கம்பளிபோல் ஆற்றுக் கற்களை மூடிவிடும். வடக்குத் தீவில் அது இல்லை. வடக்கில் வைகாட்டோ ஆற்றில் 2023-ல் தங்கநிறச் சிறு மட்டி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு தீவின் தொல்லை மறு தீவுக்குப் போவது நம்முடைய ஈரச் செருப்பு, தூண்டில், நீச்சலுடை, கயாக் படகு வழியாகத்தான். ஆற்றிலோ ஏரியிலோ நனைந்த எதையும் சேறு, பாசி போகக் கழுவி, தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காயவைத்து, அதற்குமேல் இன்னும் 48 மணி நேரம் காயவிட்ட பிறகே மறு தீவில் தண்ணீரில் இறக்குங்கள்.

துறைமுகத்தில்

இரண்டு நிறுவனங்களின் முனையங்களும் ஒரே இடத்தில் இல்லை. ப்ளூபிரிட்ஜ் வெலிங்டன் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே. இன்டர்ஐலாண்டர் அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் வடக்கே, கைவராவரா பக்கம். கைப்பேசியில் "வெலிங்டன் ஃபெரி" என்று மட்டும் தேடினால் எது முதலில் வருகிறதோ அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். பதிவு உறுதிச் சீட்டில் உள்ள முகவரியைப் போட்டு வாருங்கள். தவறான முனையத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் செக்-இன் மூடிவிட்டால், கப்பல் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். வண்டிகளுக்குப் பொதுவாகப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். உங்கள் சீட்டில் உள்ள நேரமே முடிவானது. ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்து சேருங்கள்.

அங்கே நடப்பது இதுதான். கூண்டுபோன்ற சாவடியில் காரிலிருந்து இறங்காமலே பதிவு எண்ணையும் அடையாள அட்டையையும் காட்டுவீர்கள். ஏறும் சீட்டும், எந்த வரிசை என்பதற்கான அட்டையும் கொடுப்பார்கள். அட்டை கண்ணாடி வழியே வெளியே தெரிய வேண்டும். சொன்ன எண்ணுள்ள வரிசையில் போய் நின்று, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் வந்தவர் முதலில் ஏறுவார் என்ற முறை இங்கே கிடையாது. கப்பல் ஒரு பக்கம் சாயாதபடி எடை பார்த்து அடுக்குவதால் பின்னால் வந்த லாரி உங்களுக்கு முன் போகும். பக்கத்து வரிசை நகர்கிறதே என்று பதறி வரிசை மாறாதீர்கள்.

இந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் மேலே கொண்டுபோகும் பையைத் தயார் செய்ய வேண்டும். கப்பல் புறப்பட்டபின் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். கரை சேரும்வரை காருக்குப் போக முடியாது. குழந்தையின் டயபரும் பாலும் கீழே காரில், குழந்தை மேலே என்றால் மூன்றரை மணி நேரம் திண்டாட்டம்தான். மாத்திரை, தண்ணீர், சாப்பாடு, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், மாற்றுச் சட்டை ஒன்று, பிளாஸ்டிக் பை இரண்டு, கைப்பேசி சார்ஜர். இவை போதும்.

கேம்பர்வேனில் வருகிறவர்கள் எரிவாயு சிலிண்டரின் வால்வையே மூட வேண்டும். அடுப்பின் குமிழியை அணைப்பது போதாது. குழாயில் கசிவிருந்தால் மூடிய தளத்தில் வாயு தேங்கும். அலமாரிக் கதவுகளும் இழுப்பறைகளும் கொக்கி மாட்டியிருக்கின்றனவா பாருங்கள். அலையில் ஒரு கதவு திறந்தால் உள்ளேயிருக்கும் மசாலா டப்பா முழுவதும் தரையில்தான்.

ஏறும்போது நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். தளம் ஈரமாக, வழுக்கலாக இருக்கும். கை காட்டும் பணியாளர் ஒருவரை மட்டும் பார்த்து, அவர் நிறுத்தச் சொல்லும்வரை வாருங்கள். முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு முழம்கூட விட மாட்டார்கள். பயப்பட வேண்டாம், அவர்களுக்கு இது தினசரி வேலை. நின்றதும் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் "பி"-யில், மேனுவல் என்றால் கியரில் போடுங்கள்.
2. எஞ்சின், முகப்பு விளக்கு, உள்விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள்.
3. திருட்டு அலாரத்தைச் செயலிழக்கச் செய்யுங்கள். கப்பலின் ஆட்டத்தில் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால் பிக்டனில் பேட்டரி செத்துக் கிடக்கும். உங்கள் கார் கிளம்பாவிட்டால் பின்னால் நிற்கும் வரிசை முழுதும் நிற்கும்.
4. தளத்தின் எண்ணையும் மாடிப்படியின் அடையாளத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது எல்லாப் படிக்கட்டும் ஒன்றுபோல்தான் தெரியும்.

கடலில்

முதல் அரை மணி, முக்கால் மணி வெலிங்டன் துறைமுகத்துக்குள்ளேயே போகும். பெரும்பாலும் ஆட்டம் இருக்காது. துறைமுக வாயிலில் பாரெட் பாறைகளைக் கடப்பீர்கள். 1968 ஏப்ரல் 10-ல் வஹினே என்ற பயணிகள் கப்பல் புயலில் இந்தப் பாறைகளில் மோதி, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த நீர்வழியில் காற்று பலக்கும்போது கப்பலை நிறுத்திவிடுவதில் கப்பல் நிறுவனத்தார் கறாராக இருந்தால் கோபப்படாதீர்கள். ஏறியதும் வரும் பாதுகாப்பு அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் திறந்த கடல். குமட்டல் வருவதானால் இங்கேதான் வரும். மாத்திரை போடுவதானால் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது போட வேண்டும். வாந்தி தொடங்கியபின் போட்டால் பயனில்லை. நியூசிலாந்து மருந்தகங்களில் சீ-லெக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும். ஊரிலிருந்து அவோமின் கொண்டு வருகிறவர்கள் கவனியுங்கள்: அது நன்றாகத் தூக்கம் வரவழைக்கும் மருந்து. பிக்டனில் இறங்கி வண்டி ஓட்டப்போகிறவர் அதைப் போடக் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்தாளுநரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

மாத்திரையைவிட இடம் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உட்காருங்கள். ஊஞ்சல் பலகையின் நடுவே ஆட்டம் குறைவதுபோல்தான் இதுவும். முன்பக்கக் கண்ணாடி இருக்கை பார்க்க அழகு, ஆட்டத்தில் அதுதான் மோசம். கைப்பேசியைக் கீழே வையுங்கள், தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. இரண்டு இட்லி, கொஞ்சம் தயிர்சாதம், இஞ்சி மிட்டாய் என்று இலேசாக இருக்கட்டும். உங்கள் சொந்தச் சாப்பாட்டைக் கப்பலில் சாப்பிடலாம். மது மட்டும் சொந்தமாகக் கொண்டுவந்து குடிக்க விட மாட்டார்கள்.

பிறகு டோரி கால்வாயின் வாயில். குறுகலான பாறை வாசல். அதற்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் ஆட்டம் அடங்கிவிடும். இங்கே வெளித்தளத்துக்கு வந்துவிடுங்கள். வலப்பக்கம் அரபாவா தீவு. நுழைந்தவுடன் கரையில் தெரியும் இடிந்த கட்டடங்கள் பெரானோ குடும்பத்தார் நடத்திய திமிங்கல வேட்டை நிலையம். 1964-ல் அது மூடியதோடு நியூசிலாந்தில் திமிங்கல வேட்டையும் முடிந்தது. கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் மிதக்கும் சதுரக் கூண்டுகள் சால்மன் மீன் பண்ணைகள். கப்பலின் முன்னலையில் டால்பின்கள் வந்தால் பத்து விநாடிக்குள் போய்விடும். கேமராவைத் தேடாமல் கண்ணால் பாருங்கள். கடல் மிகவும் மோசமான நாள்களில் இந்த வாயிலைத் தவிர்த்து, குவீன் சார்லட் நீர்வழியின் வடக்கு வாயில் வழியாகச் சுற்றிப் போவார்கள். அன்றைக்குப் பயணம் நீளும்.

பிக்டனில் இறங்கியபின்

வண்டிக்கு வரச் சொல்லி அறிவிப்பு வந்தபிறகே கீழே இறங்குங்கள். முன் வண்டி நகரும்வரை எஞ்சினைப் போடாதீர்கள். மூடிய தளத்தில் புகை சூழ்ந்துகொள்ளும். வெளியே வந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே சங்கிலியாக 1-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஓடும். அவசரமில்லாதவர்கள் ஊருக்குள் அரை மணி நேரம் நின்று தேநீர் குடித்துவிட்டுப் புறப்படுங்கள், சாலை காலியாகிவிடும். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே எட்வின் ஃபாக்ஸ் என்ற பழைய கப்பல் கூரையின் கீழ் நிற்கிறது. 1853-ல் வங்காளத்தில் தேக்கு மரத்தால் கட்டியது. உள்ளே நடந்து அந்த மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம்.

கிறைஸ்ட்சர்ச் இங்கிருந்து ஏறக்குறைய 340 கிலோமீட்டர்; நிற்காமல் ஓட்டினாலும் நாலரை ஐந்து மணி நேரம். மாலைக் கப்பலில் வந்தவர்கள் அன்றிரவே அதைத் தொடாதீர்கள். அலையில் ஆடிய உடம்போடு முன்பின் பழகாத வளைவுச் சாலையில் இருட்டில் ஓட்டுவது ஆபத்து. பிக்டனிலோ, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் பிளெனிமிலோ தங்குங்கள். பிளெனிமில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்து கைகோரா 130 கிலோமீட்டர், நடுவில் சின்னச் சின்ன ஊர்கள்தான். 2016 நவம்பர் நிலநடுக்கத்தில் ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்த கடலோரச் சாலை இதுதான். சாலையோரப் பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருக்கும். ஒதுக்கிய இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தி இறங்குங்கள்.

நெல்சன் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு வழி. குவீன் சார்லட் டிரைவ், பிக்டனிலிருந்து ஹேவ்லாக் வரை 35 கிலோமீட்டர் முழுக்க வளைவு, காட்சி அருமை. பிளெனிம் வழி சுற்று, ஆனால் சாலை நேர். கடல் அமைதியாக இருந்த நாளில், சின்னக் காரில் முதல் வழியில் போங்கள். கப்பலில் ஒரு முறை வாந்தி எடுத்த குழந்தை பின்னிருக்கையில் இருந்தால் பிளெனிம் வழியே போய்விடுங்கள்.